பழைய பிக்கப்பு வண்டியின் இஞ்சின் சப்தத்தை அறியும் வகை



சங்கத்துக்குச் சொந்தமான சாமான் வண்டி பத்துப் பதினைந்து வருஷம் உழைத்த பின்பு, ஒரு நாள் காலையில் வழக்கமில்லாத சப்தம் கொடுக்குமாயின், அதனால் கவலையடைபவர் டிரைவர் ஒருவர் மாத்திரமல்லர். உர மூட்டைக்குக் காத்திருக்கும் குடியானவரும், நெல்லைச் சந்தைக்கு அனுப்பவேண்டியவரும், வண்டி வாங்கியபோது பங்குத்தொகை கட்டியவரும் கவலையடைகின்றனர். இவ்வித சமயங்களில் இரண்டு தவறுகள் நடப்பதுண்டு. சப்தத்தைக் கேட்டும் கேளாததுபோல் வண்டியை ஓட்டி, சொற்பச் செலவில் தீரவேண்டிய குறையினால் இஞ்சின் முழுவதையும் கெடுத்துக்கொள்வது ஒன்று. சப்தம் எவ்விடத்தினின்று வருகிறதென்று நிச்சயிக்குமுன்பே, "இஞ்சினை இறக்கவேண்டும்" என்ற வார்த்தைக்கு இணங்கிப் பஞ்சாயத்தார் பெருந்தொகைக்குச் சம்மதித்துக் கையொப்பமிடுவது மற்றொன்று. முதல் தவறு நடுரோட்டில் எல்லோருக்கும் பிரத்தியட்சமாகிவிடுகிறது. இரண்டாவது தவறோ கணக்குப் புத்தகத்தில் ஒழுங்கான ரசீதுடன் நிற்பதால், அது தவறென்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆகையால் இரண்டாவதைப்பற்றியே இங்கே அதிகமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு சங்கத்தின் டீஸல் பிக்கப்பு வண்டியில் "டொக், டொக்" என்ற பலத்த சப்தம் உண்டாயிற்று. கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டதென்று டிரைவர் சொன்னார். பட்டறையிலும் அப்படியே சொல்லி, கிராங்கைக் கடைந்து, பிஸ்டன்களையும் பேரிங்குகளையும் புதிதாகப் போடுவதற்கு ஓர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை ஒப்புக்கொள்ளும் தறுவாயில், வெகு காலம் ஆயில் இஞ்சின்களைப் பழுது பார்த்து வந்த வயோதிக அங்கத்தினர் ஒருவர் எழுந்து டிரைவரை விசாரிக்கலானார்.

"தம்பி, சப்தம் காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கையில் மட்டும் கேட்கிறதா, சூடேறிய பின்பும் கேட்கிறதா?"

"இரண்டு வேளையும் கேட்கிறது, ஐயா. மேடு ஏறும்போது அதிகம்."

"எண்ணெய் பார்த்தீர்களா? எண்ணெய் விளக்கு எரிகிறதா?"

"எண்ணெய் சரியாக இருக்கிறது. விளக்கு எரியவில்லை. புகைதான் கொஞ்சம் கறுப்பாக வருகிறது."

கடைசியில் சொன்ன புகையைப்பற்றிப் பட்டறையில் எவரும் கேட்கவில்லை. பெரியவர் எஸ்டிமேட்டை ஒத்திவைக்கச் சொல்லி, மறுநாள் வண்டியைத் தாமே பார்ப்பதாகக் கூறினார். அவர் செய்த பரீட்சை பின்னே சொல்லப்படும். அவர் முதலில் கேட்ட கேள்விகளின் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

இஞ்சினின் சப்தத்தை அதன் உருவத்தைக்கொண்டு மாத்திரம் தீர்மானித்தல் கூடாது. "டக்" என்பதும் "டொக்" என்பதும் கேட்பவர் காதுக்குத் தக்கபடி மாறும். எப்பொழுது வருகிறது, எப்பொழுது மறைகிறது என்பதே உறுதியான சாட்சி. குளிர்ந்த இஞ்சினில் கேட்டு, சூடேறச் சூடேற மறைந்துபோகும் மந்தமான தட்டல், பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டருக்குள் சற்றுத் தளர்ந்து ஆடுவதால் உண்டாவது. சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைந்தவுடன் சப்தமும் அடங்கிவிடும். இது பழைய இஞ்சினுக்கு வயோதிகத்தின் அடையாளமேயன்றி உடனே உயிர்போகும் வியாதியன்று. எண்ணெயை அதிகமாகக் குடிக்காதவரையில், இந்த நிலையிலேயே வருஷக்கணக்காக ஓடிய வண்டிகள் உண்டு.

தையல் மிஷின்போல் "டிக், டிக்" என்று மேற்பாகத்தில் கேட்பது வால்வுகளின் டாப்பெட் இடைவெளி அதிகப்பட்டதன் குறி. நான்கு ஸ்டிரோக் இஞ்சினில் கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு முறையே திறக்கும். ஆகையால் இஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடினால், ஒரு வால்வின் தட்டல் 400 முறையே விழும். இஞ்சினின் ஓட்டத்துக்கு அது பின்தங்கினாற்போல் காதுக்குத் தோன்றும். இதைத் தகடு வைத்துப் பார்த்துச் சரிசெய்தல் அரை நாள் வேலை. இதைப்போலவே "டிக், டிக்" என்று கேட்டு ஏமாற்றுவது புகைக்குழாயின் கசிவு. சிலிண்டர் தலையுடன் மனிபோல்டு சேருமிடத்தில் காஸ்கெட்டு எரிந்திருந்தால், குளிரில் பலமாகத் தட்டும். இரும்பு சூட்டில் விரிந்தபின் குறையும். அவ்விடத்தில் கரி படிந்திருப்பதைக் கண்ணால் காணலாம்.

இஞ்சினின் அடிப்பாகத்தினின்று கனமாக வருவதும், சூடேறிய பின்பு அதிகரிப்பதும், பாரம் ஏறும்போது பலப்படுவதும், கூடவே எண்ணெய் விளக்கு மினுக்குவதுமாகிய சப்தமே உண்மையில் அஞ்சத்தக்கது. அது பேரிங் தேய்ந்த சப்தம். சூட்டில் எண்ணெய் இளகுவதால் தேய்ந்த இடைவெளி வழியே அது ஓடிப்போய் அழுத்தம் குறைகிறது. அந்நிலையில் வண்டியை இன்னும் சில மைல் ஓட்டினாலும், ராடு முறிந்து இஞ்சினின் பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு வெளிவரக்கூடும். பிறகு பழுது பார்ப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை.

எந்தச் சப்தமாயினும் முதலில் செய்யவேண்டியது ஒன்றே. இஞ்சினை நிறுத்தி, வண்டியைச் சமதரையில் வைத்துச் சில நிமிஷம் கழித்து எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் காரணத்தில் பாதி அகப்பட்டுவிட்டது. எண்ணெய் கூடியிருந்தால் அது சந்தோஷப்படத்தக்கதன்று. டீஸல் கசிந்து எண்ணெயில் கலந்திருக்கலாம். விரலில் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். அவ்வித எண்ணெய் நீர்த்துப்போய்ப் பேரிங்கைக் காப்பாற்றாது. எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பார்க்கும்போது பளபளவென்று துகள் தென்பட்டால், அதன்மேல் காந்தத்தைக் காட்டவேண்டும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாத துகள் பெரும்பாலும் பேரிங்கின் மேற்பூச்சு உலோகமாயிருக்கும். அலுமினியத்தாலான பிஸ்டன் துகளாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவாயினும் அடித்தட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டியதே.

அடுத்தபடியாகச் சப்தத்தின் இடம். நீண்ட திருப்புளியின் முனையை இஞ்சினின் பற்பல பாகங்களிலும் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். வைத்தியர் குழாய் வைத்து நெஞ்சைப் பார்ப்பதற்கு ஒப்பான இந்த முறை இன்றைக்கும் பழுதாகிவிடவில்லை. ஆனால் மேல்துண்டும் தளர்ந்த கைச்சட்டையும் விசிறியில் சிக்காதபடி ஒதுக்கிக்கொள்ளவேண்டும். இதில் அசட்டையாயிருந்து விரலை இழந்தவர்கள் உண்டு. விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மாத்திரம் இஞ்சினை ஓட்டிப் பார்த்து, சப்தம் நின்றுவிட்டால் குறை வாட்டர் பம்பிலோ ஆல்டர்னேட்டரிலோ இருக்கிறது. அதற்காக இஞ்சினை இறக்கவேண்டியதில்லை. அவ்வாறே கிளட்சை மிதித்தவுடன் தோன்றும் இரைச்சல் கிளட்சு பேரிங்கைச் சேர்ந்தது. மிதித்தவுடன் நிற்பது கியர் பெட்டியைச் சேர்ந்தது.

இனிப் பெரியவர் செய்த பரீட்சை. டீஸல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் காற்றை நெருக்கியதனால் உண்டாகும் சூட்டில், நாஸில் தெளிக்கும் டீஸல் தானே பற்றிக்கொள்ளும். நாஸில் புகைபோல் தூவாமல் சொட்டுச்சொட்டாக ஒழுகினால், டீஸல் சேர்ந்து நின்று ஒரேயடியாக வெடிக்கும். அந்த அடி பிஸ்டன்மேல் சம்மட்டி விழுந்தாற்போல் கேட்கும். ராடு பேரிங்கின் சப்தத்துக்கும் இதற்கும் காதால் வித்தியாசம் காண்பது அனுபவசாலிகளுக்கும் கஷ்டம். ஆகையால் அவர் காதை நம்பவில்லை. இஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டராக அதன் டீஸல் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, அந்தச் சிலிண்டரை வேலைசெய்யாதபடி நிறுத்தினார். முதலிரண்டில் சப்தம் மாறவில்லை. மூன்றாவதைத் தளர்த்தியவுடன் சப்தம் அடங்கிவிட்டது. இதனால் குறை மூன்றாவது சிலிண்டரில் என்று ஏற்பட்டதேயொழிய, அது ராடா நாஸிலா என்பது தெரியவில்லை. இரண்டுமே அப்படித்தான் அடங்கும். பட்டறையிலும் இம்மட்டும் பார்த்திருந்தார்கள், இதற்குமேல் செல்லவில்லை.

பெரியவர் இஞ்சினை நிறுத்தி, மூன்றாவது நாஸிலையும் இரண்டாவது நாஸிலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி, மறுபடியும் ஓட்டினார். இப்பொழுது இரண்டாவது சிலிண்டரை நிறுத்தினால் சப்தம் நின்றது. மூன்றாவதை நிறுத்தினால் நிற்கவில்லை. ராடு இடம் மாறாது; நாஸில்தான் மாறிற்று; சப்தமும் அதனுடன் சென்றது. அந்த நாஸிலைப் பரீட்சை மேஜையில் போட்டுப் பார்த்ததில் அது ஒழுகுவது கண்கூடாயிற்று. நாஸில் ஒன்றும் செப்பு வளையங்களும் மாற்றியதுடன் காரியம் முடிந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. குழாயின் நட்டைத் தளர்த்தும் பரீட்சை, பழைய மாதிரிப் பம்பு வைத்த வண்டிகளுக்கே உரியது. அதையும் பழகிய மெக்கானிக்கே, கையைக் கசிவுக்கு நேரே காட்டாமல் செய்யவேண்டும். காமன் ரெயில் என்ற புது மாதிரி வண்டிகளில் டீஸல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்பதால், இஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தொடவே கூடாது. ஊசிபோல் பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவ்வித வண்டிகளில் கம்ப்யூட்டர் கருவியை மாட்டி, சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே முறை.

பஞ்சாயத்தார் எஸ்டிமேட்டை எடுத்துக்கொள்ளுமுன் காரியதரிசி கேட்டு எழுதி வாங்கவேண்டிய விவரங்கள் சில உண்டு. சப்தம் எந்தச் சிலிண்டரில்? எந்தப் பரீட்சையால் அது தெரிந்தது? சூடேறிய இஞ்சினில் எண்ணெய் அழுத்தம், அளவுகருவி வைத்துப் பார்த்ததில் எவ்வளவு? எண்ணெயில் துகள் உண்டா? நாணயமான பட்டறைக்காரர் இவற்றைச் சொல்லக் கூசமாட்டார். கழற்றிய பழைய பேரிங்கையும் பிஸ்டனையும் சங்கத்தில் ஒப்படைக்கும்படி முன்னதாகவே தீர்மானத்தில் எழுதிக்கொள்வதும் உசிதம். அன்றியும் டிரைவர் வசம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எண்ணெய் ஊற்றிய தேதி, அளவு, ஓடிய கிலோமீட்டர், புதிதாகக் கேட்ட சப்தம் இவற்றை எழுதிவரச் செய்யவேண்டும். எண்ணெய்ச் செலவு மாதாமாதம் ஏறிவருவது அதில் தெரியும், ஞாபகத்தில் தெரியாது.

ஓட்டத்தில் எண்ணெய் விளக்கு எரிந்து, அடியில் கனத்த தட்டலும் கேட்குமாயின், டிரைவர் அங்கேயே இஞ்சினை நிறுத்தவேண்டும். ஊர் கண்ணுக்குத் தெரிகிறதென்று ஓட்டிவரலாகாது. மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றி, பிக்கப்பைக் கியரில் போடாமல் இழுத்துவர ஏற்பாடு செய்யவேண்டும். அவ்வாறு நடுவழியில் நிறுத்தியதற்காகவும், மூட்டை தாமதமானதற்காகவும் டிரைவரை ஒருவரும் கடிந்துகொள்ளக்கூடாதென்று பஞ்சாயத்தார் முன்கூட்டியே தீர்மானம் செய்துவைப்பது நல்லது.