படுக்கையில் இருப்போரும் நமது அமானிதமே

(ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவு அறிக்கை தங்கள் கைகளில் உள்ளது. அதில் இடம்பெறாத ஒரு செய்தியைத் தங்கள் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் தாம் கண்டதை வெளியே சொல்லலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுக்கம். இறந்தவரின் மானம் காக்கும் அந்த அமானிதத்தை நாம் எந்நாளும் பேணுவோம். ஆயினும், இடுப்பிலும் குதிகாலிலும் ஆழ்ந்த படுக்கைப் புண்களைக் காண நேரும்போது, நாம் மறைப்பது இறந்தவரின் குறையையா, அவரைப் பராமரித்தவர்களின் குறையையா என்று எண்ணிப் பார்த்தல் கடமையாகிறது. ஏனெனில், அவர் படுத்திருந்த இடத்தில் நாளை வேறொருவர் படுத்திருப்பார்.

தஞ்சைத் தரணியின் நம் ஊர்களில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பொருளீட்ட, பெற்றோர் ஊரில் தனித்திருப்பது புதிதன்று. சம்பளத்திற்கு ஆள் அமர்த்தியோ, இல்லத்தில் சேர்த்தோ, மருத்துவமனையில் வைத்தோ பார்க்கின்றனர். பணம் தவறாமல் வருகிறது. ஆனால், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்களா, நனைந்த விரிப்பை மாற்றினார்களா, வறண்ட வாயை நனைத்தார்களா, வலிக்கு மருந்து தந்தார்களா, தொல்லை தராதிருக்கத் தூக்க மருந்து புகட்டினார்களா என்பதை யார் கேட்பது?

கேட்டால், “எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்ற பதில் வருகிறது. மவுத்து அவன் நாட்டமே. புண்ணைத் துடைக்காமல் விட்டது மனிதரின் அலட்சியம். நோயாளியின் ஸபூர், கவனிப்பவரின் அலட்சியத்திற்குப் போர்வையாகிவிடலாகாது.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லத்தின் வாகனமொன்றில், சடலத்தோடு ஏற்றிச் செல்லப்பட்ட முதியவர் ஒருவர் கூக்குரலிட்டார். பொதுமக்கள் வாகனத்தை நிறுத்தினர். அதன்பின் அதிகாரிகள் ஆய்வு செய்து, அங்கிருந்தோரை வேறு இல்லங்களுக்கு மாற்றினர். தம்மீதான குற்றச்சாட்டுகளை நிர்வாகத்தினர் மறுத்தனர். வழக்கின் தீர்ப்பு நம் வேலையன்று. ஒருவர் குரலெழுப்பும் வரை ஊர் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே நாம் பெறும் படிப்பினை.

இங்கிலாந்தின் காஸ்போர்ட் மருத்துவமனையில், முதிய நோயாளிகளுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்து தேவையின்றிச் செலுத்தப்படுவதாகச் செவிலியர் சிலர் 1991-லேயே கவலை தெரிவித்தனர். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. 1989 முதல் 2000 வரை 456 பேரின் ஆயுள் அவ்வாறு குறுக்கப்பட்டதாக 2018-இல் விசாரணைக் குழு அறிவித்தது. சொல்பவர் இருந்தும் செவிமடுப்பவர் இல்லையேல் பயனில்லை. எனினும் மார்பின் போன்ற மருந்தே தீங்கு என்று கொள்ளலாகாது. உரிய அளவில் அது பெரும் நிவாரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்வோம். நல்ல கவனிப்பிலும் சிலருக்குப் புண் வரக்கூடும். ஆகவே பழி சுமத்துவதற்கு முன் விசாரிப்போம். முதலில் மருத்துவரிடமோ பொறுப்பாளரிடமோ பணிவாகக் கேட்க வேண்டும். கண்டதை நாள், நேரத்துடன் எழுதி வைக்க வேண்டும். நோயாளியோ அவர்தம் பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டுமென 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. தீராவிடில், தனியார் மருத்துவமனை குறித்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். முதியோர் துன்புறுத்தப்பட்டாலோ கைவிடப்பட்டாலோ 14567 என்ற எண்ணில் உதவி கோரலாம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி, முதியவரைக் கைவிடுவது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நல்வழியும் அருகிலேயே உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களால் கேரளமெங்கும் பரவியது. நம் மாநிலத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய்த் தணிப்புச் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் தந்தால் போதும்.

எனவே ஜமாஅத்தார் முன் இரண்டு வேண்டுகோள்கள். தெருவிற்கு இருவர், அவர்களுள் ஒருவர் பெண்மணி, படுக்கையிலிருப்போரை வாரம் ஒருமுறை சென்று பார்த்து வர முன்வர வேண்டும். குளிப்பாட்டுவோர் அலட்சியத்தின் அடையாளம் கண்டால், ஊரில் பேசாது, இமாம் அவர்களிடம் மட்டும் தனியே தெரிவிக்க வேண்டும். மய்யித்தின் மானமும் காக்கப்படும். உயிரோடிருப்பவரின் உடலும் காக்கப்படும்.

ஜனாஸாவுக்குத் திரளும் நாம், அதற்கு முந்தைய மாதங்களிலும் அந்த வாசலை மிதிப்போமாக. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.