தொலைவிலிருந்து இருதயம் பேணல்



புற்றுநோயினின்றும் மீண்டு, இல்லறம் நடத்தித் தொழில் புரிந்து வாழ்வோர் இன்று நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு எஞ்சியிருக்கும் கடமை ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அஃது இருதயத்தைப் பேணுதலாகும்.

புற்றுநோய்க்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். நோயை அழிக்கும் மருந்து சிலபோது நோயற்ற உறுப்பையும் தாக்குகின்றது. மார்புப் புற்றுநோய் முதலியவற்றுக்குப் பல்லாண்டுகளாக வழங்கப்படும் டொக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்தின் மொத்த அளவு கூடக்கூட, இருதயத் தசை நலிவுறும் அபாயமும் கூடும். இடப்புற மார்பிற் செலுத்தும் கதிர்களும் இருதயத்தின் குருதிக் குழாய்களுக்கு ஊறு செய்யக்கூடும். இத்தீங்கு சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இதனை அஞ்சிச் சிகிச்சையை விலக்குதல் பேதைமையாகும். உயிரைக் காப்பது அச்சிகிச்சையே. அதன் பின்னர் இருதயத்தைக் கண்காணித்து வலுப்படுத்துவதே அறிவுடைமை.

மாரடைப்புற்றோருக்கென ஏற்பட்ட இருதயப் புனர்வாழ்வு முறையைப் புற்றுநோயாளருக்கும் ஏற்ப வகுத்து அளிக்கலாமென, அமெரிக்க இருதயச் சங்கம் 2019ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் எடுத்துரைத்தது. அளவறிந்த தேகாப்பியாசம், உணவொழுக்கம், புகைத்தலை விலக்கல், குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அடக்கி வைத்தல், மனத்தளர்வை நீக்கல் ஆகியன அம்முறையின் கூறுகளாம். இப்பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாட்களாகச் சில மாதங்கள் நீடிப்பது வழக்கம்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ வாழும் ஒருவர் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ வாரந்தோறும் பலமுறை சென்று மீளுதல் எளிதா? பிரயாணச் செலவும், இழந்த நாட்கூலியும், உடற்சோர்வும் அவரைத் தடுத்து நிறுத்தும். இத்தகையோருக்கு உதவக்கூடியதே தொலைமருத்துவம்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1905ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில், ஐந்தோவன் என்னும் அறிஞர், வைத்தியசாலையிலிருந்த நோயாளரின் இருதய மின்னோட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார்.

இன்று இம்முறை நடைபெறுமாற்றைக் கூறுவேன். முதலில் நோயாளர் வைத்தியசாலைக்கு நேரிற் செல்லல் வேண்டும். இருதயத்தின் நிலையையும் ஆறு நிமிடத்தில் அவர் நடக்கும் தூரத்தையும் அளந்தறிந்த பின்னரே பயிற்சி விதிக்கப்படும். பின்னர் அவர் தம் வீட்டருகே நடந்து, நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் குறித்து அனுப்புவார். தாதியோ பயிற்சியாளரோ குறித்த நாளில் தொலைபேசியில் அழைத்து, களைப்பு உண்டா, உறக்கம் எவ்வாறு என விசாரித்து, பயிற்சியைக் கூட்டுவர் அல்லது குறைப்பர். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான நடைக்கு எளிய அளவுகோல்.

இருதய நோயாளரிடத்தில் நிகழ்ந்த ஆய்வுகள், வீட்டுப் பயிற்சி நிலையப் பயிற்சிக்கு ஏறக்குறைய நிகரான பயன் தருவதைக் காட்டியுள்ளன. புற்றுநோயினின்றும் மீண்டோரிடத்தில் அத்தகைய ஆய்வுகள் வளர்ந்து வருகின்றன.

பாடசாலை அதிபர் என்ற முறையில் ஒன்று சொல்வேன். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசி வழியே கற்பித்தோம். ஆசிரியர் வினவி, மாணவர் விடையிறுத்து, தவறு திருத்தப்பட்ட இடத்திலேயே கல்வி நிகழ்ந்தது. கருவியில்லாப் பிள்ளைகளோ பின்தங்கினர். தொலைமருத்துவத்துக்கும் இவ்விரண்டும் பொருந்தும். வெறும் அறிவுரையை அனுப்பினாற் போதாது. நோயாளரின் மறுமொழியைக் கேட்க ஒருவர் வேண்டும். நவீன கருவி வாங்க இயலாதவருக்குச் சாதாரண தொலைபேசி அழைப்பேனும் கிட்டல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்பன தோன்றின் பயிற்சியை உடனே நிறுத்தி, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழையுங்கள். கால்வீக்கமோ திடீர் எடையேற்றமோ காணின் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

புற்றுநோயினின்றும் மீண்ட உறவினர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது, “இருதயத்தைச் சோதிக்க வேண்டுமா? எவ்வளவு நடக்கலாம்?” என்ற இரு வினாக்களையும் கேட்குமாறு அவருக்கு நினைவூட்டுங்கள்.