பம்பரத்தை நிமிர்த்துவது எது?

(காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்தப் பெரியவர் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இயற்பியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய பணியை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நேரே பொருளுக்கு வருகிறேன்.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்தவுடனேயே முன்வரிசை நண்பர்கள் சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும். துறைக் கூட்டத்திலும் பாடத்திட்டக் கூட்டத்திலும் ஆசிரியர் பயிற்சியிலும் அவர்களும் நானும் ஓயாமல் வாதாடிய கேள்விதான் இது. சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் பெரும்பாலும் சாய்ந்துதான் தரையில் விழுகிறது. தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து, அசையாமல் நின்று தூங்குகிறது. அதை நிமிர்த்தியது எது? நண்பர்கள் சொல்லும் பதில், சுழற்சி. நான் சொல்லும் பதில், தரை. கூட்டங்களில் இதற்குக் கிடைத்த நேரம் போதவில்லை. இன்று ஒரு மணி நேரம் தந்திருக்கிறீர்கள்.

இந்த வழக்குக்குப் பொருத்தமான ஊர்தான் இது. சம்பந்தர் பாடல்களின் பெருமைக்குக் காரணம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழ்தான் என்று தருமபுரத்தில் யாழ்ப்பாணருடைய உறவினர்கள் பேசியதாகவும், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் இங்கே பாடியதாகவும் வரலாறு. கோயிலில் இறைவன் பெயரே யாழ்மூரிநாதர். ஒரு செயலில் இருவர் சேர்ந்திருக்கும்போது புகழ் யாருக்கு என்பதுதான் அங்கேயும் கேள்வி. என் வழக்கில் இருவர் சுழற்சியும் உராய்வும். புகழ் முழுவதையும் சுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, உராய்வைத் திருடன் வரிசையில் நிறுத்தியிருக்கிறோம் என்பது என் முறையீடு.

பம்பரம்

நண்பர்கள் கட்சியை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டு. அதன் திசை பொருளின் அச்சு வழியே இருக்கும். இடஞ்சுழியாகச் சுற்றும் ஒரு பம்பரம் கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். புவியீர்ப்பு அதை மேலும் கிழக்கே கவிழ்க்கப் பார்க்கிறது. அந்த ஈர்ப்பு உண்டாக்கும் திருப்பு விசையின் திசையோ வடக்கு. கோண உந்தம் திருப்பு விசை காட்டும் பக்கம்தான் மாறும். ஆகவே பம்பரத்தின் தலை கிழக்கே கவிழாமல் வடக்கே நகர்கிறது. வடக்கே போனதும் திருப்பு விசை மேற்கே திரும்புகிறது, தலையும் மேற்கே போகிறது. இப்படியே வட்டம் போடுகிறது. இதைத்தான் தலையாட்டம் என்கிறோம். வேகம் மிகுந்தால் தலையாட்டம் மெதுவாகும். இதுவரை எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு ஏதும் இல்லை.

இந்தக் கணக்கு எதைச் சொல்கிறது? பம்பரம் ஏன் விழவில்லை என்று சொல்கிறது. ஏன் நிமிர்கிறது என்று சொல்லவே இல்லை. 30 பாகை சாய்ந்து சுற்றத் தொடங்கிய பம்பரம், இந்தக் கணக்கின்படி, வேகம் உள்ளவரை 30 பாகையை ஒட்டியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நண்பர் ஒருவர், தலை மேலும் கீழும் அசையும் சிற்றாட்டம் உண்டே என்பார். உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தில் ஏறிய தலை அடுத்த கணமே ஏறிய அளவுக்கு இறங்கிவிடும். சாய்ந்த பம்பரம் நிமிரும்போது அதன் எடை மையம் உயர்கிறது. உயர்த்துவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் சுழற்சியின் கையிருப்பில் இருக்கிறது என்பது சரிதான். கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது யார்? புவியீர்ப்பு கொடுக்காது, அது கீழே இழுக்கிறது. பம்பரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவை தரையும் காற்றும் மட்டுமே. காற்று சுழற்சியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்க்குமே தவிர, தலையை மேலே தூக்காது. மிஞ்சுவது தரை.

இப்போது ஆணியைப் பாருங்கள். எந்த ஆணிக்கும் நுனி ஊசிமுனை கிடையாது. சிறிய அளவிலாவது உருண்டைதான். பம்பரம் கிழக்கே சாயும்போது தரையைத் தொடுவது நுனியின் நடுப்புள்ளியாக இருக்க முடியாது. அந்த உருண்டையின் கிழக்கு ஓரம்தான் தரையைத் தொடுகிறது. அந்த ஓரம் சுழற்சியால் வடக்கே வழுக்குகிறது. வழுக்கும் எதையும் தரை எதிர்த்துத் தள்ளும். ஆகவே ஆணியைத் தெற்கே தள்ளுகிறது. எடை மையத்தைப் பற்றி அந்தத் தள்ளலின் திருப்பு விசையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதன் பெரும்பகுதி மேற்கு நோக்கியும், ஒரு பகுதி மேல் நோக்கியும் வருகிறது. கோண உந்தம் அந்தப் பக்கம் மாறுகிறது. கிழக்கே சாய்ந்த தலை மேற்கே வருகிறது என்றால், நிமிர்கிறது என்றுதானே பொருள்! வலஞ்சுழிப் பம்பரத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஆணி தெற்கே வழுக்கும், தரை வடக்கே தள்ளும், கோண உந்தத்தின் திசையும் தலைகீழ். முடிவு மாறாது. எந்தப் பக்கம் சுழன்றாலும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும், தரை பம்பரத்தை நிமிர்த்தவே செய்கிறது. இந்தப் பொதுமையைப் பார்த்த பிறகும் உராய்வு இரண்டாந்தரச் செய்தி என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இது நான் புதிதாகக் கண்டது ஒன்றும் இல்லை. 1890-இல் லீட்ஸ் நகரில் பொறியாளர் ஜான் பெர்ரி தொழிலாளர்களுக்காகவே பம்பரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது சிறு நூலாகவும் வந்தது. தலையாட்டத்தை விரைவுபடுத்தினால் சுழலும் பொருள் மேலே எழும் என்ற விதியை அதில் அவர் சொல்கிறார். மொழுக்கை ஆணி தரையில் உருண்டோடப் பார்த்துத் தலையாட்டத்தை முடுக்குவதால்தான் பம்பரம் எழுகிறது என்றும் விளக்குகிறார். கூலி வேலை செய்பவர்களுக்கு நூற்றாண்டுக்கு முன்பே சொல்ல முடிந்ததை, நம் மேல்நிலை வகுப்புப் பிள்ளைக்குக் கடினம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது கையளவில் தெரியும். புது ஆணி அடித்த பம்பரம் குத்திக் குத்தித் துள்ளும். ஆணியைக் கல்லில் தேய்த்து மொழுக்கையாக்குவார்கள். எதிராளியின் பம்பரத்தில் ஆக்கர் குத்துவதற்குக் கூர் ஆணி, நெடுநேரம் நிற்பதற்குத் தேய்ந்த ஆணி என்று பிரித்துவைத்துக்கொள்ளும் பையன் பெர்ரியைப் படித்தவன் இல்லை. சாட்டையால் தூக்கி அபீட்டு எடுத்த பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்தினால் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்புத்தான் உராய்வு. என் கட்சிக்கு நான் கேட்கும் சாட்சி அந்த உள்ளங்கை.

வகுப்பறையில் நான் செய்துகாட்டும் சோதனை எளியது. ஒரே கடைசலில் பிடித்த இரண்டு பம்பரங்கள். ஒன்றுக்குக் கூர் ஆணி, மற்றொன்றுக்கு உருண்டை ஆணி. சிமெண்டுத் தரையில் உருண்டை ஆணி விரைவில் எழுகிறது; கூர் ஆணி சாய்ந்தபடியே நெடுநேரம் தலையாட்டுகிறது. பிறகு எண்ணெய் தடவிய கண்ணாடியில் உருண்டை ஆணிப் பம்பரத்தை விடுகிறேன். எழுவதற்குத் தாமதிக்கிறது. சுழற்சி அதே சுழற்சி. மாறியது தரையும் ஆணியும்தான்.

இன்னும் ஐயம் இருந்தால் கவிழும் பம்பரத்தைப் பாருங்கள். காளான் வடிவில் இருக்கும். குட்டைக் காம்பைப் பிடித்துத் திருகிவிட்டால், உருண்டை அடி மேலே போய், காம்பின் மேல் தலைகீழாக நின்று சுழலும். 1951-இல் சுவீடனின் லுண்டு நகரில் நீல்ஸ் போரும் வுல்ஃப்காங் பவுலியும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் புகழ்பெற்றது. அணுவின் உள்ளே புகுந்து பார்த்த இருவர் தரையில் சுழலும் ஒரு பொம்மையின் முன் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் பிராம்ஸும் ஹுகன்ஹோல்ட்ஸும் தனித்தனியே கட்டுரை எழுதி, அந்தக் கவிழ்ச்சிக்குக் காரணம் வழுக்கு உராய்வு என்று நிறுவினார்கள். வழுவழுப்பான, உராய்வே இல்லாத தளத்தில் அது கவிழாது. அவித்த முட்டையைப் படுக்கவைத்து வேகமாகச் சுழற்றினால் எழுந்து நிற்கிறதே, அதற்கும் 2002-இல் மொஃபாட், ஷிமோமுரா என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் விளக்கம் எழுதினார்கள். அங்கும் உராய்வுதான். மேசை அளவுக்கு மிஞ்சி வழுக்கினாலும் முட்டை எழாது, வழுக்கவே விடாவிட்டாலும் எழாது என்பது அவர்கள் முடிவு.

உராய்வு ஆற்றலை வீணாக்குகிறதே என்பார்கள் நண்பர்கள். வீணாக்குகிறது, ஒரு பங்கு சூடாகிப் போகிறது. மற்றொரு பங்கு எடை மையத்தை உயர்த்துகிறது. அந்த இரண்டாவது பங்கை நம் பாடத்தில் எழுதுவதில்லை. பம்பரம் கடைசியில் தளர்ந்து விழுவதை உராய்வின் கணக்கில் எழுதுகிறோம். அது எழுந்து நின்றதையும் அதே கணக்கில் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தரையில்லாத பம்பரம்

தரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனைக் கூடம் தேவையில்லை; அப்படி ஒரு பம்பரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனும் நிலவும் அதன் நடுப்பகுதிப் புடைப்பை இழுக்க, அச்சு சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு தலையாட்டம் போடுகிறது. 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-இல் வர, பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20-ஐ ஒட்டி வருவதற்குக் காரணம் இதுவே. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இத்தனை தலையாட்டத்திலும் சாய்வு 22.1-க்கும் 24.5-க்கும் இடையில் 41,000 ஆண்டு ஊசலாட்டத்தில் இருக்கிறதே தவிர, பூமி நிமிர்ந்துவிடவில்லை. சுழற்சி மட்டுமே நிமிர்த்துமானால், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுழலும் இது எப்போதோ நிமிர்ந்திருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டுக்கு நண்பர்களிடமிருந்து இதுவரை மறுமொழி வரவில்லை.

பந்து

விளையாட்டைப் பற்றியும் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். சுழற்பந்து என்றதும் விரலையும் மணிக்கட்டையும் பேசுகிறோம். முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது உலகமே அவருடைய மணிக்கட்டைப் பேசியது. அஸ்வின் 537 விக்கெட்டோடு ஓய்வு பெற்றபோது அவர் விரலைப் பேசினோம். பேசவேண்டியதுதான். ஆனால் விரல் கொடுத்த சுழற்சி பந்துக்குள் சேமிப்பாகவே இருக்கிறது. பந்து தரையைத் தொடும் அந்தக் கணத்தில்தான் உராய்வு அதைப் பக்கவாட்டு ஓட்டமாக மாற்றுகிறது. காய்ந்து பெயர்ந்த சேப்பாக்கம் ஆடுகளத்தில் திரும்பும் பந்து, ஈரப்பசையும் புல்லும் உள்ள ஆடுகளத்தில் ஏன் நேரே வழுக்கிப் போகிறது? பந்துவீச்சாளரின் விரல் மாறவில்லையே.

காற்றில் பந்து விலகுவதும் இப்படித்தான். 1852-இல் மாக்னஸ் ஆராய்ந்த விளைவு அது. அவருக்கு முன்பே டென்னிஸ் பந்தில் நியூட்டனும், துப்பாக்கிக் குண்டில் பெஞ்சமின் ராபின்ஸும் கவனித்தார்கள். பந்தின் மேல் ஒட்டும் மெல்லிய காற்றுப் படலத்தின் உராய்வு இல்லாவிட்டால் இந்த விலகல் இல்லை. படலத்தைப் பற்றிய தெளிவு 1904-இல் பிராண்டல் வழியாகத்தான் வந்தது. காற்றில்லாத நிலவில் எவ்வளவு சுழற்றி எறிந்தாலும் பந்து பக்கவாட்டில் வளையாது.

புயல்

காரைக்காலில் நின்று சுழற்சியைப் பேசிவிட்டுப் புயலைச் சொல்லாமல் போக முடியாது. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுமார் 5 பாகைக்குள் புயல் பிறப்பது அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே வந்த வமேய் போன்ற விதிவிலக்குகள் உண்டு. புயல் பிறக்கப் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிட வேண்டும், நடுக்கோட்டருகே அந்தத் திருப்பம் மிகக் குறைவு என்பதே அந்த அருமைக்குக் காரணம். நாம் 11 பாகையை ஒட்டி இருக்கிறோம். ஆனால் சுழற்சி மட்டும் இருந்தால் காற்று மையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே வராது. கடல் மேற்பரப்பின் உராய்வு அடிக்காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்த காற்று அழுத்தத்தின் இழுப்பைத் தாங்க முடியாமல் உள்நோக்கி வளைகிறது, ஈரத்தோடு குவிகிறது, கண்ணைச் சுற்றி மேலெழுகிறது. 1964-இல் வானிலை ஆய்வாளர்கள் சார்னியும் எலியாசனும் இதைப் புயலின் வளர்ச்சிக்கு அடிப்படையாக வைத்தார்கள். பின்னால் இம்மானுவல், கடலிலிருந்து காற்று எடுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கே முதலிடம் தந்தார். அதுவும் தொடும் இடத்தில் நடப்பதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, கடலை விட்டதும் ஈரத்தை இழந்தது. ஆனாலும் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுத்தான் தளர்ந்தது. நேரம் குறைவு, இதை இத்துடன் விடுகிறேன்.

செய்ய வேண்டியவை

சிலவற்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஆணி நுனியின் ஆரத்துக்கும் பம்பரம் எழுந்து நிற்க எடுக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு பள்ளியே அளந்துவிடலாம். மெதுவோட்டப் படம் எடுக்கும் கைபேசி போதும். சிமெண்டு, கடப்பைக் கல், காய்ந்த களிமண் என்று தரையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே விளையாட்டுத் திடலில் காலையிலும் மாலையிலும் பந்து திரும்பும் கோணத்தை அளக்கலாம். காரைக்கால் டாப்ளர் ரேடாரின் பதிவுகளை வைத்துக் கரையேறும் நேரத்தில் அடிக்காற்று உள்நோக்கி வளையும் கோணத்தைக் கடல் மேலும் தரை மேலும் ஒப்பிடுவது கல்லூரி மாணவர்களுக்கு ஏற்ற ஆய்வு. அலையேற்ற உராய்வு பூமியின் நாளை நீட்டுவதையும், குயவர் சக்கரத்தையும், சிலம்பத்தையும் நான் தொடவில்லை. வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பம்பர அளவீடு. கடைசல்காரரிடம் சொல்லும்போது மரமும் எடையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஆணி மட்டும் மூன்று பருமனில் வேண்டும் என்று சொல்லுங்கள்.