முடி நாட்டும் முன்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இரட்டைப் பின்னலோடு வளர்ந்தவர்கள் நாங்கள். வகிடு அகலும்போது மனம் வாடுவது இயல்பே. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் காரணத்தைக் கண்டறியுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் கோளாறு, பிரசவம், கடும் காய்ச்சல் ஆகியவற்றால் உதிரும் முடி, காரணம் நீங்கினால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

இந்தச் சிகிச்சை புது முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையிலிருந்து மயிர்க்கால்களை எடுத்து முன்னால் நடுவார்கள். நாற்றுமேடை செழிப்பாக இருந்தால்தான் வயல் நிறையும். பெண்கள் பலருக்குத் தலை முழுவதும் முடி ஐதாகுவதால், எல்லோருக்கும் இது பொருந்தாது.

தலையை விறைக்கச் செய்யும் ஊசி போட்டு, பல மணி நேரம் செய்வார்கள். சில நாட்களுக்கு வீக்கமும் பொருக்கும் இருக்கும். 2 முதல் 6 வாரங்களில் நட்ட முடி உதிரும். பயப்படாதீர்கள், வேர் உள்ளே இருக்கும். 3, 4 மாதங்களில் முளைக்கத் தொடங்கும். முழுப்பலன் தெரிய ஏறத்தாழ 12 மாதங்களாகும். எஞ்சிய முடியைக் காக்க மருந்தும் தொடர வேண்டிவரலாம்.

உடனடி அடர்த்தி தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். முதலில் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். குருதிப் பரிசோதனையின் பின் ஆறுதலாக முடிவெடுங்கள்.