முதல் பட்டதாரியின் அக்கா
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'குடும்பம் தந்த பாடம்' என்று ஏதாவது பேசச் சொன்னார்கள். செமினார் ஹாலில் பேப்பர் படிக்கும்போதே கை நடுங்கியவன் நான். அதனால் பெரிய தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. ஒரு படிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2010-ல் நான் இங்கே சேர்ந்தேன். அந்த ஆண்டில்தான் தமிழக அரசு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொண்டு வந்தது. ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வந்த எனக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் குறைந்தது. நான்கு வருடத்துக்கு 80,000. எங்கள் வீட்டுக்கு அது மலை போன்ற தொகை.

சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்கான படிவத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று எல்லோருடைய படிப்பையும் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது அக்காவுக்குத்தான். அவள்தான் உட்கார்ந்து எழுதினாள். தாத்தா, படிக்கவில்லை. அப்பா, ஐந்தாம் வகுப்பு. கடைசியில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று எழுதினாள். எழுதிவிட்டு, "தம்பி, ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்கோ" என்றாள். நானும் வாங்கிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்தேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி அன்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் ஊர் திருப்பூர் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டினார். 2006-ல் அக்கா பிளஸ் டூ முடித்தபோது 1200-க்கு 1012 மார்க். பி.காம். சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். அந்த மே மாதம் அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன். தறிக்குப் போக முடியாது. "ஒரு வருஷம் போகட்டும்மா, அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்" என்று பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். அந்த ஒரு வருஷம் எட்டு வருஷம் ஆனது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவாள். சனிக்கிழமை சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பாள். என் ஹாஸ்டல் மெஸ் பில் அந்தக் கவரிலிருந்துதான் வந்தது.

இனி சொல்லப் போவதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருடம் ஹாஸ்டலில் எல்லோரும் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தபோது ரூம்மேட் ஒருவன், "உங்க அக்கா என்னடா படிச்சிருக்காங்க?" என்று கேட்டான். நான், "பி.காம்." என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. வேடிக்கையைப் பாருங்கள், அது உண்மையாக இருந்திருந்தால் எனக்குச் சலுகையே கிடையாது! அக்கா படிக்காமல் நின்றதால்தான் நான் முதல் பட்டதாரி. அதை வைத்துச் சலுகையும் வாங்கிக்கொண்டேன், அதையே வெட்கம் என்று மறைக்கவும் செய்தேன்.

மூன்றாம் வருடம் அக்கா முறுக்கும் மெஸ் பணமும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் வாசலுக்கு வந்தாள். அந்த ரூம்மேட் மரியாதையாகத்தான் கேட்டான், "அக்கா, நீங்க பி.காம். எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" எனக்குக் கால் தரையில் இல்லை. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அவனிடம் திரும்பி, "கரஸ்ல படிச்சேன் தம்பி" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் வந்ததும், "பில் கட்டிட்டு ரசீது வாங்கி வச்சுக்கோ" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பஸ் போன பிறகு நான் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

2014-ல் நான் படிப்பை முடித்த பிறகுதான் அக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். நான் இன்று ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியர். அதாவது, நானும் செக்கிங் வேலைதான்! ஆனால் அக்கா அளவுக்கு எனக்கு வராது. துணியில் ஊசி ஓட்டை இருந்தால் அதன்மேல் அடையாளத்துக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாள். என் குறை கண்ணெதிரே தெரிந்தபோது மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பழைய பெட்டியில் அந்தப் படிவத்தின் ஜெராக்ஸ் கிடைத்தது. எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம், "அன்னிக்கு நான் பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோக்கா" என்றேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அந்தக் கடைசி வரி எழுதறப்போ எனக்குக் கஷ்டமாத்தான்டா இருந்துச்சு. நீ அப்பவே கேட்டிருந்தா அழுதிருப்பேன். இப்ப கேட்டா சிரிப்புத்தான் வருது" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களிலும் அந்தச் சான்றிதழோடு சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். இன்று இரவு ரூமுக்குப் போனதும் அந்த ஜெராக்ஸை எடுத்து ஒருமுறை படியுங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் யார் யார் எங்கே நின்றார்கள் என்று அதில் இருக்கிறது. ஏன் நின்றார்கள் என்று எழுத அதில் இடம் இல்லை. அதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதை என்னைப் போலப் பத்து வருடம் தள்ளிப் போடாதீர்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்விக் கட்டணத்துக்குச் சலுகை இருக்கிறது, மெஸ் பில்லுக்கு இல்லை. அதைக் கட்ட யாரோ ஒரு அக்கா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறாள். ஆண்டுதோறும் சில மாணவர்களின் மெஸ் பில்லைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். முதல் தொகை என்னுடையது. அது அக்கா பெயரில் இருக்கட்டும். ரசீது மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், ஊருக்குப் போனால் கேட்பாள்.