ஃபிளிண்ட் நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கு

(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஃபிளிண்ட் நகரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 81,252. பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. இதைப் படிப்பவர்கள், "கறுப்பர்கள் வாழும் ஏழை ஊர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண்கள் தானாக வந்தவை அல்ல, தோழர்களே. யாரோ எடுத்த முடிவுகளால் வந்தவை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊர் இது. 1960இல் இங்கே 1,96,940 பேர் வாழ்ந்தார்கள். தெற்கு மாநிலங்களின் நிறவெறிக் கொடுமையிலிருந்து தப்பி, வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்களும் அதில் அடக்கம். கம்பெனி ஒன்றுதான். வேலை ஒன்றா? கறுப்பினத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடைத்தது பியூக் ஆலையின் பவுண்டரி. உருகிய இரும்பு, புகை, தூசி. அதுவும் இல்லையென்றால் துடைப்பம். நல்ல கூலி தரும் திறன்சார்ந்த வேலைகள் வெள்ளையருக்கு. கைத்திறனைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1936 டிசம்பர் 30 அன்று தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 44 நாள் போராட்டம். நிர்வாகம் பணிந்து தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது. தொழிலாளர் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம்தான். ஆனால் கூலியை உயர்த்திய அந்த வெற்றி, யாருக்கு எந்த வேலை என்ற நிற வரிசையை உடைக்கவில்லை. பவுண்டரியில் இருந்தவர்கள் நீண்ட காலம் பவுண்டரியிலேயே இருந்தார்கள்.

வேலையில் இருந்த கோடு வீட்டிலும் இருந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிகளை அரசு வரைபடமே சிவப்பு நிறத்தில் அடையாளமிட்டது. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே செயின்ட் ஜான், ஃபுளோரல் பார்க் என்ற இரண்டு பகுதிகளில்தான் பெரும்பாலோர் அடைபட்டார்கள். செயின்ட் ஜான் பியூக் ஆலையை ஒட்டிய பகுதி. ஆலையில் வேலை செய்தவர் வீட்டுக்கு வந்தும் அதே புகையைத்தான் சுவாசித்தார்.

1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை நகர மக்களே வாக்களித்து, மிகச் சொற்ப வித்தியாசத்தில், ஏற்றுக்கொண்டார்கள். பெரிய வெற்றி. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நெடுஞ்சாலைக்காகவும் நகரப் புனரமைப்புக்காகவும் செயின்ட் ஜான் பகுதியே இடிக்கப்பட்டது.

இதற்கிடையில் கம்பெனி புறநகர்களில் புதிய ஆலைகளைக் கட்டியது. கடன் கிடைத்த வெள்ளையர் அங்கே வீடு வாங்கிப் போனார்கள். வரிப் பணமும் கூடவே போனது. 1978 வாக்கில் ஃபிளிண்ட் வட்டாரத்தில் சுமார் 80,000 பேர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார்கள். இன்று பத்தாயிரம்கூட இல்லை. மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் சில வேலைகளைத் தருகின்றன. போன கூலி திரும்பவில்லை.

நகராட்சி நொடித்தது. 2011இல் மாநில ஆளுநர் ஓர் அவசரகால நிர்வாகியை நியமித்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் அதிகாரம் இல்லை. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மக்கள் கூட்டங்களுக்குப் போனார்கள். பாதுகாப்பானது என்றே பதில் வந்தது.

2014 அக்டோபரில், இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. உடனே அந்த ஆலைக்கு வேறு தண்ணீர் வந்தது. இரும்புக்கு ஆகாத அந்தத் தண்ணீரை ஊர்க் குழந்தைகள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள். 2015 அக்டோபரில்தான் ஊருக்குப் பழைய தண்ணீர் திரும்பியது.

2017இல் மிச்சிகன் மாநிலக் குடிமை உரிமை ஆணையம், இந்தப் பேரழிவின் வேர் கட்டமைப்புசார் இனவெறியில் இருக்கிறது என்று அறிக்கை தந்தது. அதே ஆண்டு, வழக்குத் தொடுத்த மக்கள் ஈயக் குழாய்களை மாற்றும் உடன்பாட்டைப் பெற்றார்கள். அந்த வேலை முடிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே தோழர்களே, ஒரு நகரத்தின் மக்கள்தொகை அட்டவணை கையில் கிடைத்தால் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த வேலையை அவர்களுக்கு யார் ஒதுக்கினார்கள், அந்தத் தெருவில் யார் அடைத்தார்கள், அவர்கள் குடிக்கும் தண்ணீரை யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள்.