தோழமையும் நடுவுநிலைமையும்



நண்பனுக்குத் துணை நிற்பது நல்லது. நியாயமாக நடந்துகொள்வதும் நல்லது. இவ்விரண்டையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நாளும் ஒன்று வரும். எனக்கு அது பத்தாம் வகுப்பில் வந்தது. அதில் நான் தோற்றேன். அக்கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிச் சடுகுடு அணிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் நேரம். அணித் தலைவன் என் உயிர்த்தோழன். என் தந்தையார் நோயுற்றுக் கிடந்த ஆண்டில், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில், அவன் தாயார்தாம் எனக்குச் சோறிட்டார். என் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியதும் அவனே. எங்கள் வகுப்பில் மற்றொரு மாணவன் இருந்தான். வாய்க்காலுக்கு அப்பால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த தெருவிலிருந்து வருபவன். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் புகுந்தானானால் ஒருவரையேனும் தொடாமல் மீளமாட்டான். எனினும் பட்டியலில் அவன் பெயர் இல்லை. காரணத்தை முதல்நாள் மாலையே என் தோழன் என்னிடம் கூறியிருந்தான். “சடுகுடு என்றால் கட்டிப் பிடிக்க வேண்டும், அவனைக் கட்டிப் பிடித்தால் எங்கள் தெருவில் என்ன சொல்வார்கள்?”

உடற்பயிற்சி ஆசிரியர் பட்டியலைப் பார்த்தார், ஐயுற்றார். “அந்தப் பையன் ஏன் இல்லை? நீ சொல்” என்று என்னைக் கேட்டார். என் தோழன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை, ஐயா” என்றேன். பொய். எங்கள் எல்லோருக்கும் முன்னதாக வந்து மைதானத்தில் கல் பொறுக்கி வைப்பவன் அவன். அப்போதும் ஐந்தடித் தொலைவில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் முதல் மைதானத்துக்கு வரவும் இல்லை. என் பொய் ஒரே நாளில் மெய்யாகிவிட்டது.

அன்றிரவு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். செஞ்சோற்றுக் கடன் தீர்த்தேன். கர்ணனும் இதைத்தானே செய்தான்? கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கர்ணன்மீது தனிப் பற்று உண்டல்லவா? பல்லாண்டு கழித்து, நானே ஆசிரியனாகி அக்கதையை வகுப்பில் நடத்தியபோதுதான் என் நாக்குத் தடுமாறியது. வில்லரங்கில் அருச்சுனனுக்கு எதிரே வந்து நின்ற கர்ணனைப் பார்த்து, அவன் குலம் யாதெனக் கேட்டார்கள், அவன் தலைகுனிந்தான். அக்கேள்விக்கு எதிராக எழுந்தவன் துரியோதனன். அந்நட்பு பிறந்ததே அவ்விடத்தில்தான். நானோ குலம் கேட்டவர் பக்கம் நின்றுகொண்டு, கர்ணன் பெயரைச் சொல்லி உறங்கிப்போனேன்!

வள்ளுவர் நட்பைப் பற்றி மட்டும் ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நடுவு நிலைமையை அறத்துப்பாலில் வைத்தார். நட்பையோ பொருட்பாலில் வைத்தார். நாங்கள் இவற்றை வெவ்வேறு வகுப்புகளில் படித்தோம். வெவ்வேறு தேர்வுகளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம்.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும், அவனைக் காக்க முயன்ற தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். பிடிபட்டோருள் அவன் பயின்ற பள்ளியின் சிறுவர்களும் இருந்தனர். தனக்கு நேர்ந்த தொல்லையை அவன் பள்ளியில் சொல்லியிருந்தான். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டலாகாது, வகுப்பில் மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பன அவர் பரிந்துரைத்தவற்றுள் சில. கயிறுகளைப் பற்றிப் பள்ளிக் கல்வித்துறை 2019-லேயே சுற்றறிக்கை விடுத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆணைகள் வேண்டியவைதாம். ஆனால் அந்தக் கயிற்றை நம்மிடம் நீட்டுபவன் பகைவனாக இருந்தால் மறுத்துவிடுவோம். பக்கத்தில் அமர்ந்து தன் சோற்றில் பாதியை நமக்குத் தருபவன் நீட்டினால்? “நம்மவன்தானே நீ” என்று சிரித்துக்கொண்டே கேட்டால்? கையை நீட்டாமலிருக்க அங்கே அரசாணை துணைக்கு வருவதில்லை.

ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு எளிதாக உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நாங்குநேரியில் சொன்னவன்தான் வெட்டுப்பட்டான். துன்புறுபவனே வாய்திறந்து முறையிட வேண்டியிருப்பது கொடுமை. அவனைச் சுற்றி அமர்ந்திருக்கும் பதின்மர் சேர்ந்து சொல்வார்களானால், எவன் வீட்டைத் தேடிப் போவார்கள்? எங்கள் மைதானத்தில் அன்று பதின்மர் கூட வேண்டியிருக்கவில்லை, ஒருவன் போதும். “தவறாமல் வருகிறான், ஐயா” என்னும் மூன்றே சொற்கள். என் தோழன் சில நாள் முகம் திருப்பியிருப்பான். அவன் தாயார் எனக்குச் சோறிடுவதை நிறுத்தியிருப்பார் என்று நான் இன்றும் நம்பவில்லை.

சென்ற ஆண்டு, கயிறு கட்டிய கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு என் மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, இதை அவிழ்த்துவிட்டால் அவன் என்னோடு பேசமாட்டானே?”

“பேசமாட்டான்” என்றேன்.

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாதப்பா. நான் அவிழ்த்துப் பார்த்தவன் அல்லனே.”